குறிப்புகளுக்கான கட்டம்

ஒரு பண்ணையிடம் பேச்சு தொடங்கியதும்
அதன் பெயரை உட்ரெக்ட் கம்பெனியின் தளத்தில்
பதிந்துவிட வேண்டும். அது விதி.
பதிந்தால் அந்த வாடிக்கையாளர்
தொண்ணூறு நாள் உன்னுடையவர்,
வேறு எந்த விற்பனையாளரும் தொடமாட்டார் என்று
ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது.
வேறு எந்த விற்பனையாளரும்.
கம்பெனி தன்னை விற்பனையாளர் என்று
எங்கும் எழுதிக்கொள்ளவில்லை.

பதினோரு வருடமாக
டொக்கம் ஊரைச் சுற்றி
அவர்களுடைய மென்பொருளை விற்கிறேன்.
எந்தப் பசு எத்தனை லிட்டர், எது சினை,
எதற்கு மடிவீக்கம், எல்லாம் திரையில் தெரியும்.
நல்ல சரக்கு. அதையும் சொல்லிவிட வேண்டும்.
கெட்ட சரக்காக இருந்தால்
கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும்.

படிவத்தின் அடியில் பெரிதாக ஒரு கட்டம்:
குறிப்புகள்.
கட்டாயமில்லை. நான்தான் நிரப்பினேன்.
வெறும் கட்டத்தைப் பார்த்தால்
என் கை சும்மா இருக்காது.

"வீபெ போஸ்மா. நூற்று நாற்பது பசு.
மாலைக் கறவை முடிந்து
ஏழே காலுக்குமேல் கூப்பிடவும்.
இடது காது கேட்காது.
முடிவெடுப்பது மனைவி சௌக்யே.
விலையை முதலில் சொல்லக் கூடாது.
சின்ன மகளின் பனிச்சறுக்குப் பயிற்சி
எப்படிப் போகிறது என்று கேட்கவும்."

அக்டோபரில் போஸ்மா என்னிடம் வாங்கவில்லை.
காரணம் சொல்ல அவருக்குக் கூச்சம்.
சௌக்யேதான் சொன்னாள்,
கன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டே:
"உட்ரெக்டிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான்.
நீ சொன்னதில் கால்பங்கு குறைத்து.
கறவை முடிந்த நேரம் பார்த்து.
நல்ல பிள்ளை,
மகளின் பனிச்சறுக்கைக்கூட விசாரித்தான்."

வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்லலாம்.
ஆனால் இங்கே வயல்களுக்கு வேலி கிடையாது.
நடுவே வெட்டிய வாய்க்கால்தான் எல்லை.
காரில் திரும்பும்போது பார்த்தேன்.
தண்ணீர், எந்தக் கரை யாருடையது என்று கேட்காமல்
மட்டமாகக் கிடந்தது.

ஒரு வாரம் ஒன்றும் செய்யவில்லை.
பிறகு, இல்லாத ஒரு பண்ணையைப் பதிந்தேன்.
பெயர்: தெர்ப்ஸ்த்ரா, விதவை.
எண்: என் தம்பியின் பழைய கைபேசி.
"எண்பத்தாறு பசு. கணவர் வசந்தத்தில் போய்விட்டார்.
செவ்வாய் இரவு எட்டரைக்குக் கூப்பிடலாம்.
நாயைப் பற்றிக் கேட்டால் பேசுவார்."

செவ்வாய். எட்டு இருபத்தொன்பது.
கைபேசி அதிர்ந்து அதிர்ந்து
மேசை விளிம்புக்கு நகர்ந்தது.

"தாமதமாகிவிட்டதா? மன்னிக்கவும்.
நாய் நலமா?"
நலம் என்றேன்.
பெயர் என்ன என்றான்.
அதை யோசித்து வைக்கவில்லை.
அவசரத்தில் என் அம்மா பெயரைச் சொல்லிவிட்டேன்.
கணவருக்காக வருத்தம் சொன்னான்.
நடிப்பாகத் தெரியவில்லை, அதுதான் தொந்தரவு.
பிறந்தே இராத மனிதனுக்காக
எனக்குத் தொண்டை அடைத்தது.

விலை வந்தது. என் விலையில் கால்பங்கு கம்மி.
"டொக்கத்தில் ஒருத்தி இதைவிட அதிகம் சொன்னாளே."
"நடுவில் ஓர் ஆள் இருந்தால்
ஏறத்தானே செய்யும்."

"சரி. ஞாயிறு விடியற்காலை,
கறவை நேரம், திரை இருண்டுபோகிறது.
எண்பத்தாறு பசு கத்திக்கொண்டு நிற்கும்.
நீ உட்ரெக்டிலிருந்து வருவாயா?"

விசைப்பலகை தட்டும் ஒலி.
ஏதோ பார்த்து வாசிக்கிறான்.
"கவலையே வேண்டாம். உங்கள் பக்கத்திலேயே
எங்களுக்கு ஒரு பங்குதாரர் இருக்கிறார்.
ஹில்ட்யே என்று பெயர். பதினோரு வருட அனுபவம்.
எந்த நேரமும் வருவார், ஞாயிறுகூட.
கூடுதல் பணம் கேட்கமாட்டார் என்று
இங்கே குறிப்பில் இருக்கிறது."

எனக்கும் ஒரு கட்டம்.
யாரோ உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.
"அவளைப் பற்றி
வேறென்ன எழுதியிருக்கிறது?" என்றேன்.

மறுமுனையில் சுட்டியின் சக்கரம் உருள்வது கேட்டது.
நெடுநேரம் உருண்டது.